வரி நோட்டுல யார் பேர் இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சு, அதுவே ஒரு முழு எபிசோடு ஆயிடுச்சு.

அவங்க கேட்டது இதுதான்: "எனக்கு மதத்து மேல பெருசா பிடிப்பு கிடையாது. பெரிய கோயிலுக்குப் போனா க்யூவுல நிக்கிற எரிச்சல்தான் வருது. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போனா மட்டும் உள்ள என்னமோ ஆகுது. மரம், மண்குதிரை, பொங்கல், மேளம். வெளிநாட்டுல பேகன்னு சொல்லிக்கிறவங்க பண்றதைப் பார்த்தா கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கு. அப்போ நானும் பேகனா?"

நல்ல கேள்வி. 'காந்தாரா' படம் வந்த 2022-லிருந்தே நம்ம வயசுக்காரங்க நிறைய பேர் இதைச் சுத்திச் சுத்தித்தான் பேசிட்டிருக்காங்க. முனீஸ்வரன் ரீல்ஸ், சாமியாட்டம் ரீல்ஸ், "ஆதித் தமிழன் வழிபாடு"னு தலைப்பு போட்ட வீடியோ. நானும் பார்க்கிறேன், எனக்கும் புல்லரிக்குது. புல்லரிச்சதுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கிறதைத்தான் இன்னைக்குப் பேசணும்.

முதல்ல அந்த வார்த்தை. பேகன்ங்கிறது லத்தீன்ல 'பாகானுஸ்'ங்கிற சொல்லுல இருந்து வந்தது. நாட்டுப்புறத்து ஆள்னு அர்த்தம். நம்ம பாஷையில சொன்னா பட்டிக்காட்டான். ரோமாபுரியில கிறிஸ்தவம் பரவினப்போ, பழைய சாமிகளை விடாம கும்பிட்டுட்டு இருந்தவங்களுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்துல யாரும் தன்னைப் பேகன்னு சொல்லிக்கல. மத்தவங்க வெச்ச பேர் அது.

தமிழ்லயும் அப்படி ஒரு சொல் இருந்தது: அஞ்ஞானி. பழைய மிஷனரி நூல்களைப் புரட்டினா அடிக்கடி வரும். தரங்கம்பாடியில இருந்த சீகன்பால்கு 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அதுல ஊர்த்தெய்வங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரினு வரிசையா எழுதியிருக்கார். அங்கே இருந்த மேலிடத்துக்குப் பிடிக்கல. உங்களை அனுப்பினது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவுல பரப்ப இல்லைங்கிற மாதிரி ஒரு பதில். அந்தப் பிரதி அச்சாகி வந்தது 1867-ல். நூத்தம்பது வருஷம் தூங்கியிருக்கு. இதைப் படிச்சப்போ எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. 1713-ல் அவர் எழுதி வெச்ச அங்காளம்மனைப் பார்க்க, இன்னைக்கும் எங்க ஊர்ப் பக்கம் அமாவாசைக்கு அமாவாசை சிறப்புப் பேருந்து விடுறாங்க.

சரி, இன்னைக்கு வெளிநாட்டுல தன்னைத் தானே பேகன்னு சொல்லிக்கிறவங்க யாரு? இது சமீபத்துல ஆரம்பிச்ச விஷயம். இங்கிலாந்துல சூனியத்துக்கு எதிரான 1735-ம் வருஷத்துச் சட்டம் 1951-ல்தான் நீங்கிச்சு. மூணு வருஷம் கழிச்சு, 1954-ல் ஜெரால்ட் கார்ட்னர்ங்கிறவர் ஒரு புத்தகம் எழுதினார். அதையொட்டி வளர்ந்ததுதான் விக்கா. ஐஸ்லாந்துல பழைய நார்ஸ் தெய்வங்களை வழிபடுற ஒரு அமைப்புக்கு 1973-ல் அரசு அங்கீகாரம் கிடைச்சுது. இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சிக்கல் உண்டு. சங்கிலி நடுவுல அறுந்துபோச்சு. பாட்டி சொல்லிக்கொடுத்தது எதுவும் கையில இல்ல. பழைய ஏடு, தொல்லியல், கொஞ்சம் கற்பனை, இதையெல்லாம் சேர்த்துக் கட்டி எழுப்புறாங்க. அதை நான் குறைவா நினைக்கல. இல்லாததை உட்கார்ந்து உருவாக்குறதுக்கும் ஒரு ஏக்கம் வேணும்.

நம்ம நிலைமை அதுக்கு நேர் எதிர். நமக்குச் சங்கிலி அறுந்துபோகல. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்.

நான் திண்டிவனத்துக்காரி. சென்னையில இருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பைபாஸ்ல போறவங்களுக்கு அது டீ குடிக்கிற இடம். ஊர்ப் பேருக்குப் புளியங்காடுனு அர்த்தம் சொல்வாங்க. ஊர் நடுவுல இருக்கிற சிவன் பேரும் திந்திரிணீஸ்வரர்தான். திந்திரிணின்னா புளி. அங்கிருந்து மேற்கே செஞ்சி, தெற்கே விழுப்புரம். இந்த முக்கோணத்துக்குள்ள சாமிகளுக்குப் பஞ்சமே இல்ல.

செஞ்சியைத் தாண்டி மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில். கருவறையில புத்து இருக்கு. பூசாரிகள் பருவதராஜகுலத்தார், அதாவது மீனவச் சமூகத்துக்காரங்க, பரம்பரையா. கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரம்மாவோட அஞ்சாவது தலையைச் சிவன் கிள்ளிட்டார். அந்தக் கபாலம் கையை விட்டுப் போகாம ஒட்டிக்கிட்டு, போடுற சோத்தையெல்லாம் தின்னுது. சிவன் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுடுகாடு சுடுகாடா அலையறார். அம்மன் சோத்தை எடுத்துச் சுடுகாட்டுல சூறை விடுறாள். ருசியில மயங்கிய கபாலம் கையை விட்டுக் கீழே இறங்குது. அவள் காலால மிதிச்சுடுறாள். அதுதான் மயானக்கொள்ளை. மாசி மாசம் சிவராத்திரிக்கு மறுநாள் இன்னமும் நடக்குது. நிலக்கடலை, காய்கறி, தானியம் எல்லாம் கொண்டுவந்து கொட்டுவாங்க.

செஞ்சியைச் சுத்தித் திரௌபதி அம்மன். ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்க அறிஞர் திரௌபதி வழிபாட்டைப் பத்தி எழுதின முதல் தொகுதி 1988-ல் வந்தது. அதோட உபதலைப்பே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை'ங்கிற மாதிரிதான் இருக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசி நாள் மண்ணுல பிரமாண்டமா துரியோதனனைப் படுக்க வெச்சுப் படுகளம், அப்புறம் தீமிதி. விழுப்புரத்துக்குத் தெற்கே போனா கூவாகம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

எங்க குலதெய்வம் பச்சையம்மன். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல ஒரு சின்ன ஊர். வாழ்முனி, செம்முனினு முனிகள் வெட்டவெளியில ஆளுயரத்தை விட மூணு மடங்கு பெருசா, கண்ணை உருட்டிக்கிட்டு, கால்மேல கால் போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. சின்ன வயசுல எனக்கு அவங்களைப் பார்த்தா பயம் இல்ல. சொந்தக்காரப் பெரியவங்க மாதிரி இருக்கும்.

இதுல நீங்க ஒண்ணைக் கவனிச்சிருப்பீங்க. இந்த இடங்கள்ல எங்கேயும் "நீ நம்புறியா?"னு யாரும் கேட்க மாட்டாங்க. ஞானஸ்நானம் கிடையாது, உறுதிமொழி கிடையாது, மனப்பாடமா ஒப்பிக்க வேண்டியது எதுவும் கிடையாது. எங்க சித்தப்பா ஒருத்தர் பழைய திராவிடர் கழகத்துக்காரர். கருப்புச் சட்டையோட வந்து ஆட்டுக்கறி வெட்டுவார். பூசாரி தட்டை நீட்டினா விபூதி எடுக்க மாட்டார். ஆனா கறி பங்கு பிரிக்கிறதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வராத வருஷம் எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கும். இந்த வழிபாடு மனசுக்குள்ள நடக்கிற நம்பிக்கையால நிக்கல. யார் விறகு கொண்டு வர்றது, யார் பானை வைக்கிறது, யார் பம்பைக்காரருக்குச் சொல்லி அனுப்புறதுங்கிற முறையால நிக்குது.

அதனால நம்ம நேயர் கேட்ட கேள்விக்கு என் முதல் பதில்: உள்ளுக்குள்ள என்னமோ ஆகுதுங்கிறது உண்மைதான், அதைச் சந்தேகப்படாதீங்க. ஆனா இந்தச் சாமி அதை வெச்சு உங்களை அடையாளம் கண்டுக்கிறதில்ல.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடணும். "மாறாத ஆதி வழிபாடு"னு ரீல்ஸ்ல போடுறாங்களே, அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் மாறிக்கிட்டேதான் வந்திருக்கு. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள்ல பல்லவர் காலத்துத் தவ்வைச் சிற்பங்கள் இருக்கு. பெரிய வயிறோட, பக்கத்துல மாட்டுத்தலை மகன், இன்னொரு பக்கம் மகள், காக்கைக்கொடி. லட்சுமிக்கு அக்கா. ஒரு காலத்துல கோயில்ல வெச்சுக் கும்பிட்ட தெய்வம். இன்னைக்கு அவள் பேரை நீங்க தினமும் வீட்டுல கேட்கிறீங்க. எழுந்திரிக்க லேட்டானா அம்மா திட்டுவாங்களே, மூதேவினு. அவதான். மூத்த தேவி. ஒரு சாமி வசவா மாறுறதுக்கு எந்தப் படையெடுப்பும் தேவைப்படல. நாமளே பண்ணியிருக்கோம்.

கிட்டத்துல நடந்ததும் இருக்கு. கோயில்ல ஆடு கோழி பலி கொடுக்கக்கூடாதுனு 1950-லயே ஒரு சட்டம். 2003-ல் அதைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு. கிராமம் கிராமமா எதிர்ப்பு. 2004-ல் சட்டத்தையே எடுத்துட்டாங்க. அந்த ஒரு வருஷம் எங்க ஊர்ல பூசணிக்காயை வெட்டினாங்க. எங்க பெரியப்பா அதைப் பத்தி இன்னமும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்கிற குரல்லதான் பேசுவார். இப்போ நிலைமை வேற. அரசு சொல்லாமலேயே கிரானைட் போட்டு, கோபுரம் எழுப்பி, ஐயரைக் கூட்டிட்டு வந்து கும்பாபிஷேகம் பண்ணி, பலியை மதில் சுவருக்கு வெளியே தள்ளிட்டிருக்கோம். அதனால இது மாறலாமா கூடாதாங்கிற விவாதமே வேண்டாம். மாறிக்கிட்டுதான் இருக்கு. யாருக்காக மாறுது, யாருக்காக மட்டும் மாற மாட்டேங்குதுங்கிறதைத்தான் பார்க்கணும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். வரி.

நகரத்துலயே பிறந்து வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். கிராமத்துத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரினு ஒண்ணு உண்டு. கல்யாணம் ஆன ஒரு ஆண், ஒரு தலைக்கட்டு. பங்காளிகள் கூடி, இந்த வருஷம் தலைக்கட்டுக்கு இவ்வளவுனு முடிவு பண்ணுவாங்க. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே தொகை. இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருத்தரே லட்ச ரூபாய் கொடுத்து மொத்தத் திருவிழாவையும் நடத்திடலாம். ஆனா வரி வாங்காம நடத்த மாட்டாங்க. எல்லாருக்கும் சாமி மேல பங்கு இருக்கணும்ங்கிறதுதான் அதுல இருக்கிற நியாயம். வரி கட்டினவங்களுக்குப் பிரசாதப் பங்கு உண்டு. கூட்டத்துல எழுந்து நின்னு கணக்குக் கேட்கலாம்.

எங்க அப்பா திண்டிவனத்துல லாரி மெக்கானிக். பதினோரு வருஷம் அந்த வரி நோட்டை எழுதினவர். 'எழுதினவர்'னு சொல்றேனே, எழுதினது நான்தான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ராத்திரி சாப்பிட்டதும் என்னை உட்கார வெச்சு ஒவ்வொரு பேரா சொல்வார். நீள நோட்டு, சிவப்புக் கோடு, வரிசை எண், பேர், தொகை, டிக். அறுபத்து மூணு தலைக்கட்டு. அத்தனை பேரும் எனக்கு இன்னைக்கும் மனப்பாடம். அதுல ஒரு பெண் பேர் கூடக் கிடையாது. பத்து வயசுல எனக்கு அது உறைக்கல. வகுப்பு அட்டெண்டன்ஸ் மாதிரி சந்தோஷமா எழுதிக்கிட்டிருந்தேன்.

அப்பா 2021-ல் தவறிட்டார். நான் ஒரே பொண்ணு, கல்யாணம் ஆகல, சென்னையில வேலை. நோட்டு பெரியப்பா மகன்கிட்டப் போச்சு. இப்போ அது நோட்டும் இல்ல, வாட்ஸ்அப் குரூப். அந்த குரூப்புல நான் கிடையாது. அடுத்த ஆடியில, தலைக்கட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறுனு அம்மா மூலமா கேள்விப்பட்டு, ஜிபேல அனுப்பினேன். பத்து நிமிஷத்துல பணம் திரும்பி வந்துடுச்சு. கூடவே ஒரு வாய்ஸ் நோட்டு.

"பாப்பா, தப்பா எடுத்துக்காத. பொண்ணுங்ககிட்ட வரி வாங்குற வழக்கம் இல்ல. உங்கூட்டுக்கு இப்ப வரி கிடையாது. நீ நன்கொடைனு எவ்ளோ வேணா அனுப்பு, ஃப்ளெக்ஸ்லயே பேர் போட்டுடறோம்."

அண்ணன் பாசமாத்தான் பேசினார். அந்தப் பாசத்துல பொய் இல்ல. ஆனா நன்கொடை யார் வேணும்னாலும் கொடுக்கலாம். ரோட்டுல போற எம்எல்ஏ கொடுக்கலாம், சிமெண்ட் கடைக்காரர் கொடுக்கலாம். நன்கொடை கொடுத்தா மேடையில துண்டு போடுவாங்க. வரி கொடுத்தாத்தான் பங்காளி. அப்பா இருந்தவரைக்கும் எங்க வீட்டுக்கு அந்தச் சாமிகிட்ட ஒரு இடம் இருந்தது. அவர் போனதும் எங்க அம்மாவும் நானும் விருந்தாளி ஆயிட்டோம். முப்பது வருஷம் மாவிளக்குக்கு அரிசி இடிச்சவங்க எங்க அம்மா.

அம்மாகிட்டச் சொன்னேன். "விடுடி, சாமிகிட்டப் போய் சண்டை போடுவியா?"ன்னாங்க. நான் சண்டை போட்டது சாமிகிட்ட இல்ல, நோட்டுகிட்ட. ஒரு வாரம் போன்ல பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். அப்பா பேர்லயே வரி கட்டிக்கலாம். அப்படித்தான் அந்த வருஷம் நடந்தது. வரிசையில அப்பா பேர், முன்னாடி 'அமரர்', பக்கத்துல டிக். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இறந்துபோன ஒரு ஆள் வரி கட்டலாம். சம்பளத்துல இருந்து உண்மையா பணம் அனுப்புற பொண்ணு கட்ட முடியாது.

போன வருஷம் பங்காளிக் கூட்டத்துக்கு நேராவே போனேன். வேப்பமரத்தடியில, ஆம்பளைங்க நாற்காலியில, பொம்பளைங்க சுவரோரமா. நான் எழுந்து கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஒரு மாமா, "நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா புருஷன் வீட்டுச் சாமிதானே உனக்குச் சாமி? அப்புறம் ரெண்டு எடத்துலயும் வரி கட்டுவியா?"ன்னார். சிரிப்பு. அப்போ சுவரோரமா உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, எழுபது வயசு இருக்கும், வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு மெதுவா கேட்டாங்க: "ஏம்பா, உள்ள ஒக்காந்திருக்கிறது யாரு? அவளும் பொம்பளதானே? அவ எந்தத் தலக்கட்டு?"

சினிமாவா இருந்தா அந்த இடத்துல எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. இங்கே யாரும் தட்டல. ஒரு மணி நேரம் பேசினாங்க. கடைசியில, கணவர் இறந்துபோன பெண்கள் பேர்ல வரி வாங்கலாம்னு முடிவாச்சு. நாலு பேர் அப்படி இருந்தாங்க. எங்க அம்மா பேர் எழுதினாங்க. என் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்க, இன்னும் பேசி முடிக்கல. பஸ்ல வரும்போது அம்மா கேட்டாங்க, "அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்தியாடி?" எடுத்திருந்தேன். விழுப்புரம் வரைக்கும் அதைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. "விடுடி"ன்னு சொன்ன அதே அம்மா.

இதோட நிறுத்தினா இது ஒரு நல்ல குடும்பக் கதை. நிறுத்த முடியாது. ஏன்னா அந்தக் கோயில் எங்க பங்காளிகளுக்குக் குலதெய்வம், அந்த ஊருக்கு ஊர்த்தெய்வம். ஊருக்குத் தனியா ஒரு வரி நோட்டு இருக்கு. அதுல காலனிப் பேர் ஒண்ணு கூட இல்ல. ஆனா காலனியில இருந்து பறை வராம சாமி வராது. இதை ஊர்ல யாரும் மறுக்க மாட்டாங்க. பறை அடிச்சு ஏறினாத்தான் ஆள் மேல அம்மன் இறங்குவா. முப்பது வருஷமா அடிக்கிற ஒரு அண்ணன்கிட்டப் பேசினேன். அவர் நிக்கிற இடம் இப்போ புது மதிலுக்கு வெளியே. மதில் வர்றதுக்கு முன்னாடியும் ஒரு கோடு இருந்தது. அது யாருக்கும் தெரியாத மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.

"உங்ககிட்ட வரி கேட்டா கொடுப்பீங்களாண்ணா?"ன்னேன்.

"கேட்டா குடுக்க மாட்டோம்னா சொல்லப்போறோம்? கேட்டதே இல்லியேம்மா"ன்னார்.

விழுப்புரம் பக்கத்துல மேல்பாதினு ஒரு ஊர். செய்தியில பார்த்திருப்பீங்க. அங்கே இருக்கிறது திரௌபதி அம்மன் கோயில், அறநிலையத் துறையின் கீழ் வர்ற கோயில். 2023 ஏப்ரல்ல திருவிழா நேரத்துல தலித் இளைஞர்கள் உள்ளே போனதுக்காகத் தாக்கப்பட்டாங்க. பேச்சுவார்த்தை நடந்தும் தீரல. ஜூன் மாசம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வெச்சாங்க. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2024 மார்ச்ல பூசாரி மட்டும் உள்ளே போய் பூஜை பண்றதுக்காகத் திறந்தாங்க. 2025 ஏப்ரல்லதான், போலீஸ் பாதுகாப்போட, தலித் மக்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்.

யோசிங்க, யாரோட கோயில் அது? சபை நடுவுல இழுத்துட்டு வந்து அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணோட கோயில். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தப்போ, "இது நியாயமா?"னு கேட்டவள். கூத்துல அந்த இடம் வரும்போது ஊரே அழும். அந்த அழுகையும் உண்மை. பூட்டும் உண்மை.

"சிறுதெய்வ வழிபாடு பெருங்கோயிலை விடச் சமத்துவமானது"னு நம்ம வட்டாரத்துல அடிக்கடி சொல்வோம். பாதி சரி. பூசாரிக்குப் பிறப்புத் தடை குறைவு, பெண்மேல சாமி இறங்கும், கறி சாப்பிடலாம், தாய்மொழியில சாமியைத் திட்டக் கூட முடியும். இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா இந்தச் சாமி ஒரு ஊரோட சாமி, ஒரு வகையறாவோட சாமி. அதனால ஊர் எங்கே முடியுதோ அங்கேயே சாமியும் முடிஞ்சுபோற ஆபத்து இதுல எப்பவும் இருக்கு. நெருக்கம் எங்கிருந்து வருதோ, வேலியும் அங்கிருந்துதான் வருது.

வெளிநாட்டுப் பேகன்களும் இதே கேள்வியில முட்டி நிக்கிறாங்க. நார்ஸ் தெய்வங்களைக் கும்பிடுறவங்கள்ல ஒரு கூட்டம், இது வட ஐரோப்பிய ரத்தம் உள்ளவங்களுக்கு மட்டும்னு சொல்லுது. இன்னொரு கூட்டம், யார் வேணும்னாலும் வரலாம்னு சொல்லுது. 2016-ல் ஒரு அமெரிக்க அமைப்பு முதல் வகையா வெளிப்படையா பேசினப்போ, பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து 'டிக்ளரேஷன் 127'னு ஒரு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. பாகுபாடு காட்டுற அந்த அமைப்போட இனி எந்த உறவும் இல்லைனு அறிவிச்சாங்க. ரத்தம்னு அவங்க சொல்றதுக்கு நம்ம ஊர்ல வேற பேர் இருக்கு. உங்களுக்கே தெரியும்.

இப்போ கூவாகம். ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்துல இருந்தது, 2019-ல் பிரிச்சப்போ கள்ளக்குறிச்சிக்குப் போயிடுச்சு. ஆனா சித்திரை மாசம் விழுப்புரம் லாட்ஜ்கள்தான் நிரம்பி வழியும். மிஸ் கூவாகம் போட்டியும் விழுப்புரத்துல நடக்கும். கூத்தாண்டவர், அதாவது அரவான். பாரதப் போருக்கு முன்னாடி களப்பலியா போகப்போற பையன். சாகறதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகணும்னு கேட்கிறான். யாரும் பெண் கொடுக்கல. கிருஷ்ணன் மோகினியா வந்து கட்டிக்கிறான். அந்த ராத்திரிக்காக நாடு முழுக்க இருந்து திருநங்கைகள் வந்து பூசாரி கையால தாலி கட்டிக்கிறாங்க. மறுநாள் அரவான் பலி. தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி.

சுத்தி இருக்கிற ஊர்க்காரங்களுக்கும் அது அவங்க சாமி. வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கிற உள்ளூர் ஆம்பளைகளும் உண்டு. அரவானோட உருவத்துக்கான பாகங்கள் ஒரே ஊர்ல இருந்து வர்றதில்ல, பக்கத்து ஊர்கள்ல இருந்து வந்து சேருது. எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. அங்கே வர்றவங்க சந்திக்கிற சீண்டலைப் பத்தித் திருநங்கைகளே எழுதியிருக்காங்க, பேசியிருக்காங்க. ஆனா இதைக் கவனிங்க. சொந்த வீட்டு வரி நோட்டுல பேர் இல்லாம, பல பேர் வீட்டை விட்டே துரத்தப்பட்ட ஒரு சமூகம், ஒரு சாமிகிட்ட மனைவிங்கிற உரிமையோட போய் நிக்குது. யார் மகன், எந்த வகையறா, எந்த ஊர்னு அந்த உரிமை கேட்கிறதில்ல. இந்த மரபுக்குள்ளேயே அப்படி ஒரு கதவும் இருக்கு. வெளியில இருந்து யாரும் கொண்டு வரல.

அதனால நேயருக்கு என் ரெண்டாவது பதில். உங்களைப் பேகன்னு கூப்பிட்டுக்கணும்னா கூப்பிட்டுக்கோங்க. பட்டிக்காட்டான்னு அர்த்தம் வர்ற சொல்லைப் பெருமையா எடுத்துக்கிறதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா வர்ற ஆடியில ஊருக்குப் போறப்போ, போட்டோ எடுத்து முடிச்சதும் மூணு விஷயம் விசாரிங்க. வரி நோட்டு யார்கிட்ட இருக்கு? அதுல உங்க வீட்டுப் பெண்கள் பேர் இருக்கா? பறை அடிக்கிறவங்க எங்கே நிக்கிறாங்க, அவங்ககிட்ட யாராவது வரி கேட்டிருக்காங்களா?

கேட்டா சங்கடமாத்தான் இருக்கும். "மெட்ராஸ்ல இருந்து வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறியா?"ன்னு ஒரு மாமா கேட்பார், நிச்சயம். கேட்கட்டும். நீங்க சொல்லிக்கொடுக்கப் போகல, வரி கட்டப் போறீங்க. வரி கட்டுறவங்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்குங்கிறது அவங்க போட்ட விதிதான்.

உங்க ஊர் நோட்டுல என்ன இருக்குனு பார்த்துட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. ஊர்ப் பேர், ஆள் பேர் சொல்ல வேண்டாம். நல்லது நடந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க. மதிலுக்கு உள்ளே கூப்பிட்டாங்க, மகள் பேர்ல வரி வாங்கினாங்கனு ஏதாவது ஒரு ஊர்ல நடந்திருக்கும். அதைக் கேட்டா அடுத்த ஊர்ல ஒருத்தங்க எழுந்து நிப்பாங்க. ஆடி முடிஞ்சதும் அதையெல்லாம் சேர்த்து ஒரு எபிசோடு போடுறேன்.

அதுவரைக்கும், போயிட்டு வாங்க. பொங்கல் வெச்சா எனக்கும் ஒரு வாய் எடுத்து வையுங்க.